கூடை நிறைய மிளகாய்: வத்தல் முதல் உப்புநீர் வரை

மிளகாய்ச் செடி வீட்டுத் தேவையைப் பார்த்துக் காய்ப்பதில்லை. நான்கு பேர் உள்ள குடும்பத்துக்கு ஒரு நாளைக்கு ஐந்தாறு காய் போதும். பத்துப் பதினைந்து தொட்டி வைத்தவரோ காய்ப்புக் காலத்தில் வாரம் தவறாமல் முறம் நிறையப் பறித்துக்கொண்டிருப்பார். அக்கம்பக்கத்துக்குக் கொடுத்தது போக மீதியெல்லாம் பிளாஸ்டிக் பையோடு ஃபிரிட்ஜுக்குள் போகும்; சில நாளில் காம்படி கறுத்துக் கொழகொழவென்று வெளியே வரும். இந்த அத்தியாயம் அந்த மீதியைப் பற்றியது.

மிளகாயைக் கெடுப்பது தண்ணீர். நன்கு பழுத்த காயின் எடையில் முக்கால் பங்கு தண்ணீர்தான்; பச்சைக் காயில் அதைவிடவும் அதிகம். வெயிலில் போட்டு அதை வெளியேற்றலாம், உப்பைப் போட்டுக் கட்டலாம், புளிப்பேற்றலாம், உறைய வைக்கலாம். எதைச் செய்வது என்பதை உங்கள் ஆசை தீர்மானிக்கக் கூடாது. கையில் இருக்கும் காயும் தலைக்கு மேல் இருக்கும் வானமும் தீர்மானிக்கட்டும்.

வானத்தைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ராமநாதபுரம் மாவட்டத்தில் புரட்டாசி, ஐப்பசி மழையை நம்பி மிளகாய் போடுகிறார்கள். தை பிறந்ததும் பறிப்பு தொடங்கிச் சித்திரை வரை நீளும். மழை விட்டு வெயில் ஏறும் நேரத்தில் பழம் வருவதால், களத்தில் கொட்டிப் பரப்பினால் தானாகவே வத்தலாகிறது. 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற ராமநாதபுரம் முண்டு மிளகாயின் நிறத்தில் இந்தக் காலக்கணக்குக்கும் பங்கு உண்டு. சென்னையில் மாடித்தோட்டம் போடுகிறவர் ஆடிப் பட்டத்தில் விதைக்கிறார். அவருக்குக் காய் குவிவது ஐப்பசியிலும் கார்த்திகையிலும், அடைமழைக்கு நடுவில். அந்த மாதங்களில் வத்தல் போட முயல்வது வீண்வேலை. அப்போது உப்புநீரும் வினிகரும் ஃப்ரீசரும்தான் துணை. வத்தல் வேண்டுமென்றே செடி வைப்பதானால் கார்த்திகையில் நாற்று நடுங்கள். மாசி, பங்குனி வெயில் உங்கள் பக்கம் இருக்கும்.

பறித்த அன்றே பிரித்தல்

காலை பனி காய்ந்தபின், காம்போடு பறியுங்கள். காம்பைக் கிள்ளிவிட்டால் அந்த ஓட்டை வழியாக ஈரமும் பூஞ்சையும் பூச்சியும் உள்ளே போகும். எந்த முறையில் பாதுகாத்தாலும் காம்பு கிள்ளும் வேலை கடைசியில்தான் வர வேண்டும்.

பறித்ததைப் பாயில் கொட்டி, ஓட்டை விழுந்தது, அடிபட்டது, நுனி அழுகியது எல்லாவற்றையும் முதலில் ஒதுக்குங்கள். ஓட்டைக்குள் பெரும்பாலும் புழு இருக்கும். அடிபட்டதை அன்றே சட்னிக்கு அரைத்துவிடலாம். மீதியில் திரண்ட பச்சைக் காய் ஒரு குவியல், பாதி சிவந்த செங்காய் ஒரு குவியல், முழுப் பழம் ஒரு குவியல். பச்சை மோர் மிளகாய்க்கும் ஊறுகாய்க்கும் போகும்; பழம் வத்தலுக்கும் உப்புநீருக்கும் போகும். செங்காயை நிழலில் குவித்துச் சாக்கைப் போட்டு மூடி ஓரிரு நாள் விட்டால் நிறம் ஏறிவிடும். அதைப் பச்சையாகவே வெயிலில் போட்டால் மஞ்சளும் வெள்ளையுமாகத் திட்டுத் திட்டாய்க் காய்ந்து நிற்கும். பிறகு எந்த வெயிலும் அதைச் சிவப்பாக்காது.

தோலின் தடிப்பையும் பாருங்கள். நீளமாய் மெலிந்த சம்பா வகை சீக்கிரம் காயும், பொடிக்கு ஏற்றது. உருண்டையான முண்டு தோல் தடித்தது, காய நாள் எடுக்கும். தாளிப்பில் முழுதாய்ப் போட அதற்கு நிகரில்லை. பஜ்ஜி மிளகாயையும் குடமிளகாயையும் நம் ஊர் வெயிலில் முழுதாய்க் காயப் போடவே வேண்டாம். சதைப்பற்று அதிகம், உள்பக்கம் காய்வதற்குள் பூசணம் பிடித்துவிடும். நெருப்பில் சுட்டுத் தோலை உரித்து ஃப்ரீசரில் வைப்பதே அவற்றுக்குச் சரி.

வேலையைத் தொடங்குமுன் கைக்கு நல்லெண்ணெய் தடவிக்கொள்ளுங்கள், அல்லது கையுறை போடுங்கள். காரத்துக்குக் காரணமான கேப்சைசின் தண்ணீரில் சரியாகக் கரையாது, எண்ணெயில் கரையும். அதனால்தான் மிளகாய் நறுக்கிய கையை வெறும் தண்ணீரில் எத்தனை முறை கழுவினாலும் எரிச்சல் போவதில்லை. எண்ணெய் தேய்த்துத் துடைத்துவிட்டுச் சோப்புப் போட்டால் அடங்கும். காரம் விதையில் இருப்பதாகப் பலரும் நினைக்கிறார்கள். அது சுரப்பது விதையைத் தாங்கி நிற்கும் வெள்ளைத் தண்டில். விதையில் ஒட்டியிருப்பது அங்கிருந்து வந்ததுதான். காரம் குறைய வேண்டுமானால் அந்தத் தண்டைச் சுரண்டி எடுங்கள்.

வத்தல்

வெயிலில் காய வைப்பதைவிட எளிய முறை இல்லை. அலட்சியத்தால் அதிகம் கெடுவதும் இந்த முறையில்தான். கழுவாமல் போடுவதே நல்லது. மண்ணோ மருந்தோ இருந்து கழுவித்தான் ஆக வேண்டுமென்றால், கழுவியபின் துணியில் பரப்பி மின்விசிறிக் காற்றில் ஈரம் முழுக்கப் போகவிட்டு, பிறகு வெயிலுக்குக் கொண்டுபோங்கள்.

மொட்டைமாடித் தரையில் நேராகக் கொட்டுவதைவிடத் தார்ப்பாய் மேல் போடலாம். அதைவிட நல்லது, நான்கு செங்கல் மேல் கம்பிவலையோ பழைய கட்டில் சட்டமோ வைத்து, வலைத்துணி விரித்துப் பரப்புவது. அடியிலிருந்தும் காற்றுப் போனால் ஒன்றிரண்டு நாள் மிச்சமாகும். ஒரு காய்மேல் இன்னொரு காய் ஏறக் கூடாது. இடமில்லை என்று அடர்த்தியாய்ப் பரப்பினால் அடியில் கிடப்பது தன் ஆவியில் தானே வெந்து நிறம் கெடும். அப்படி வெளுத்த வத்தலைச் சந்தையில் சோடை என்று கழித்து, பாதி விலைக்குக் கேட்பார்கள்.

முதல் இரண்டு நாள் காய் துவண்டு ரப்பர் மாதிரி இருக்கும். கவலைப்பட வேண்டாம். நாளுக்கு மூன்று நான்கு முறை புரட்டிவிடுங்கள். வெயில் சாய்ந்ததும் கூட்டிக் குவித்து, சாக்கையோ தார்ப்பாயையோ போட்டு மூடுங்கள். இந்த ஒன்றைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். பகலெல்லாம் வெளியேறிய ஈரத்தை இரவுப் பனி திரும்பக் கொடுத்துவிடும். மறுநாள் அரைநாள் வெயில் அதைப் போக்கவே செலவாகும். கிளிகள் வந்தால் வலை போட்டு மூடுங்கள். பறவைகளுக்கு மிளகாயின் காரம் உறைப்பதில்லை, ஒன்றுவிடாமல் கொத்திப் போடும்.

மெலிந்த சம்பா நல்ல வெயிலில் ஒரு வாரத்தில் காயும். முண்டுக்கு இரண்டு வாரம்கூட ஆகலாம். காய்ந்துவிட்டதா என்று பார்க்கக் குலுக்கிக் கேட்பது பழைய வழி. விதை கலகலவென்று ஆட வேண்டும், காம்பு மடக்கினால் படக்கென்று ஒடிய வேண்டும். இதற்கு மேலும் நிச்சயம் வேண்டுமானால் தராசை நம்புங்கள். ஒரு கிலோ பழத்துக்கு 250 முதல் 300 கிராம் வரை வத்தல் நிற்கும். அடுத்தடுத்து இரண்டு நாள் மாலையில் நிறுத்து, எடை மாறவில்லையென்றால் வேலை முடிந்தது. தோல் காய்ந்து காம்படி மட்டும் ஈரமாய் இருக்கும் காய், கேட்கவும் பார்க்கவும் வத்தல் போலவே இருந்து, டப்பாவுக்குள் போய்ப் பூசணம் பிடித்துப் பக்கத்தில் இருப்பதையும் கெடுக்கும்.

நடுவில் மழை வந்தால்? பாதி காய்ந்ததை வீட்டுக்குள் குவித்து வைத்துக் காத்திருக்காதீர்கள். பையில் போட்டு ஃப்ரீசரில் வையுங்கள். வெயில் வந்ததும் எடுத்துப் பரப்பினால் விட்ட இடத்திலிருந்து காயத் தொடங்கும். ஃப்ரீசரில் இடமில்லாதவர் மின்விசிறிக்கு அடியில் பரப்பி வைக்கலாம். மின் உலர்த்தி இருந்தால் 55 முதல் 60 டிகிரி செல்சியஸில் வையுங்கள். நீள வாக்கில் கீறிப் போட்டால் நேரம் நன்றாகக் குறையும். ஆனால் அதை வராந்தாவில் வையுங்கள். பூட்டிய சமையலறையில் வைத்தால் வீடு முழுக்க நெடியேறி இருமலில்தான் முடியும். மைக்ரோவேவ் அடுப்பில் மிளகாயை உலர்த்தும் யோசனை எங்கே கேட்டாலும் அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள்.

பூசணம் பிடித்ததைக் கழுவித் துடைத்து மறுபடி காய வைப்பவர்கள் உண்டு. செய்யாதீர்கள். ஈரமான மிளகாயில் வளரும் சில பூஞ்சைகள் அஃப்லடாக்சின் என்ற நஞ்சை உண்டாக்கும். அது ஈரலைத் தாக்கும். வறுத்தாலும் பொடித்தாலும் குழம்பில் கொதிக்கவிட்டாலும் அது போகாது.

மோர் மிளகாய்

நம் சமையலறையில் பிறந்த பாதுகாப்பு முறைகளில் இதைத்தான் நான் முதலில் வைப்பேன். உப்பு, புளிப்பு, வெயில் என்று மூன்று காவல் இதற்கு. போதாக்குறைக்கு, மோரில் உள்ள கேசீன் புரதம் கேப்சைசினைப் பற்றிக்கொள்வதால் காரமும் கொஞ்சம் தணியும்.

திரண்ட, விரல் நீளத்துக்குக் குறைவான, சற்றே தடித்த பச்சைக் காய் வேண்டும். ஒரு கிலோ காயைக் கழுவி ஈரம் போகத் துடைத்து, காம்பை விட்டுவிட்டு நுனிப் பக்கம் மட்டும் ஓர் அங்குலம் கீறுங்கள். முழுக்கப் பிளந்தால் விதை கொட்டிப்போகும். பொடிக் காய் என்றால் ஊசியால் இரண்டு மூன்று இடத்தில் குத்தினால் போதும். குமரி மாவட்டத்துக் காந்தாரி மிளகாயை அப்படித்தான் செய்ய வேண்டும். ஒரு லிட்டர் தயிரை அதிகம் தண்ணீர் விடாமல் கடைந்து, நன்றாகப் புளிக்கவிட்டு, 100 முதல் 120 கிராம் கல் உப்பைப் போட்டுக் கரையுங்கள். விரும்பினால் வெந்தயப் பொடியும் பெருங்காயமும் சேர்க்கலாம்.

காயைப் பீங்கான் ஜாடியில் போட்டு மோரை ஊற்றி இரண்டு நாள் ஊற வையுங்கள். காலையும் மாலையும் மரக்கரண்டியால் கிளறிவிட வேண்டும். பசுமை போய்க் காய் மங்கிய பழுப்புப் பச்சைக்கு வரும். மூன்றாம் நாள் காலையில் மோரை வடித்துக் காயை மட்டும் வெயிலில் போடுங்கள். மோர் ஜாடியிலேயே இருக்கட்டும். மாலையில் காயை அள்ளித் திரும்ப அதே மோரில் போடுங்கள். இப்படி மூன்று நான்கு நாள் போனால் மோர் முழுவதையும் காய் குடித்துவிடும். அதன்பின் மோருக்குத் திரும்பாமல், மேலும் நான்கைந்து நாள் சலசலவென்று காயவிடுங்கள். பரப்புவதற்கு எவர்சில்வர் தட்டு அல்லது துணி. அலுமினியத் தட்டு வேண்டாம், உப்பும் புளிப்பும் அதை அரித்து மிளகாயில் கறுப்பேற்றும்.

மூட்டம் போட்டால் ஜாடியை அப்படியே ஃபிரிட்ஜுக்குள் வையுங்கள். மோரில் ஊறிக்கொண்டிருக்கும் காய்க்கு நாலு நாள் தாமதத்தால் ஒன்றும் ஆகாது. ஆனால் மோரிலிருந்து எடுத்துப் பாதி காய்ந்த நிலையில் வெயில் போனால் பிசுபிசுத்துவிடும். அதையும் ஃபிரிட்ஜில்தான் வைக்க வேண்டும். பொரிக்கும்போது தீ தணிவாக இருக்கட்டும். மேலே கருகி உள்ளே பச்சையாய் நிற்கிற மோர் மிளகாயைத் தயிர்சாதத்துக்குத் தொட்டுக்கொள்வது தண்டனை.

உப்புநீரும் வினிகரும்

மழை மாதத்துப் பழ மிளகாய்க்கு நான் சொல்லும் வழி உப்புநீர். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 50 கிராம் உப்பு. கரண்டிக் கணக்கு இங்கே உதவாது. கல் உப்பும் தூள் உப்பும் ஒரே கரண்டியில் ஒரே எடை நிற்பதில்லை. நிறுத்துப் போடுங்கள். கீறிய அல்லது வட்டமாக நறுக்கிய மிளகாயைக் கண்ணாடி ஜாடியில் முக்கால் அளவு நிரப்பி, இரண்டு மூன்று பூண்டுப் பற்களும் போட்டு, உப்புநீரை ஊற்றுங்கள். காய் மிதக்கும். அதை அழுத்தி நீருக்கடியில் வைக்கச் சிறு கண்ணாடிக் கிண்ணமோ உப்புநீர் நிரப்பிக் கட்டிய பையோ மேலே வைக்க வேண்டும். நீருக்கு மேலே தலை நீட்டும் காயில்தான் பூசணம் வரும்.

இரண்டாம் மூன்றாம் நாளில் குமிழி வரும், நீர் கலங்கும். தயிரைப் புளிக்க வைக்கும் லாக்டிக் அமிலப் பாக்டீரியாக்களின் உறவினர்களே இங்கும் வேலை செய்கின்றன. தினமும் ஒருமுறை மூடியைத் தளர்த்தி வாயுவை வெளியே விடுங்கள். நம் வெப்பத்துக்கு ஒரு வாரம், பத்து நாளில் நல்ல புளிப்பேறிவிடும். அதற்குமேல் ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள். மேலே மெல்லிய வெள்ளாடை படர்ந்தால் எடுத்துப் போட்டுவிடலாம், அது ஈஸ்ட். பச்சையாகவோ கறுப்பாகவோ ரோமம் போல எழும்பினால் ஜாடியோடு கொட்டுங்கள். புளித்த மிளகாயை அதே நீரில் கொஞ்சம் விட்டு அரைத்து, சிறிது வினிகர் சேர்த்து வடிகட்டினால் கடையில் விற்கும் காரச் சாஸ்களுக்குச் சவால்விடும் ஒன்று கிடைக்கும். அமெரிக்காவின் லூசியானாவில் தயாராகும் டபாஸ்கோ சாஸும் உப்புப் போட்டு அரைத்த மிளகாயைப் புளிக்க வைப்பதில்தான் தொடங்குகிறது. அவர்கள் மரப்பீப்பாயில் ஆண்டுக்கணக்கில் வைக்கிறார்கள், நமக்கு அந்தப் பொறுமை தேவையில்லை.

வினிகர் போடுவது இன்னும் எளிது. புட்டியின் லேபிளைப் பார்த்து 5 சதவீத அசெட்டிக் அமிலம் உள்ளதா என்று உறுதிசெய்யுங்கள். கடைகளில் 4 சதவீதமும் கிடைக்கிறது. அதை வாங்கினால் தண்ணீர் சேர்க்காமல் அப்படியே பயன்படுத்துங்கள். 5 சதவீதம் என்றால் பாதிக்கு மேல் தண்ணீர் கலக்கக் கூடாது. உப்பும் கொஞ்சம் சர்க்கரையும் போட்டுக் கொதிக்க வைத்து, கீறிய மிளகாய்மேல் சூடாக ஊற்றி, ஆறியபின் ஃபிரிட்ஜில் வையுங்கள். முழுக் காயைக் கீறாமல் போட்டால் உள்ளே இருக்கும் வெற்றிடத்துக்குள் வினிகர் போகாது. தகர மூடியை அரித்துவிடும், பிளாஸ்டிக் மூடி போடுங்கள்.

எண்ணெயைப் பற்றி ஓர் எச்சரிக்கை

பச்சை மிளகாயை நறுக்கி ஜாடியில் போட்டு மூழ்க எண்ணெய் ஊற்றினால் கெடாது என்று நினைப்பது ஆபத்து. எண்ணெய் கிருமியைக் கொல்வதில்லை, காற்றைத் தடுப்பதோடு சரி. காற்றில்லாத, ஈரமான, புளிப்பில்லாத இடம்தான் போட்டுலிசம் உண்டாக்கும் பாக்டீரியாவுக்கு வேண்டியது. அதன் நஞ்சு நரம்பைத் தாக்கி மூச்சை நிறுத்தக்கூடியது. நிறமோ வாசனையோ காட்டிக்கொடுக்கும் என்று நம்ப முடியாது. 1977-இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் பான்டியாக் நகரத்து உணவகம் ஒன்றில், சரியாகப் பதப்படுத்தாமல் ஜாடியில் அடைத்த ஹாலப்பெனோ மிளகாயைச் சாப்பிட்ட 50-க்கும் மேற்பட்டோர் இதனால் பாதிக்கப்பட்டார்கள். இந்தப் பாக்டீரியாவின் வித்துகள் 100 டிகிரிக் கொதிநீரிலும் பிழைக்கும். அமிலத்தன்மையைக் காட்டும் பிஎச் அளவு 4.6-க்குக் கீழே இருந்தால் அவை முளைப்பதில்லை. அதாவது புளிப்புத்தான் காவல்.

நம் பாட்டிமார்களின் மிளகாய் ஊறுகாய் இந்தக் கணக்கைப் பிசகாமல் காத்தது. அரைக் கிலோ பச்சை மிளகாய்க்கு 75 கிராம் உப்பு, 50 கிராம் கடுகுப் பொடி, ஒரு கரண்டி வறுத்த வெந்தயப் பொடி, 200 மில்லி எலுமிச்சைச் சாறு. இவற்றில் இரண்டு நாள் ஊறியபின் காய்ச்சி ஆறவைத்த நல்லெண்ணெயை மேலே நிற்க ஊற்றுவார்கள். எண்ணெய் கடைசிப் போர்வைதான். உப்பு அதிகம், எலுமிச்சை புளிப்பு என்று குறைத்துக்கொண்டு எண்ணெயை மட்டும் தாராளமாக விடும் இந்தக் காலத்து ஊறுகாயை அலமாரியில் வைக்காதீர்கள். ஃபிரிட்ஜில் வைத்து ஓரிரு வாரத்தில் தீர்த்துவிடுங்கள்.

ஃப்ரீசர்

இதற்குப் பெரிய விளக்கம் தேவையில்லை. கழுவி, துளி ஈரமில்லாமல் துடைத்து, காம்பு கிள்ளி, தட்டில் பரப்பி உறைய வைத்துப் பிறகு பையில் போடுங்கள், ஒன்றோடொன்று ஒட்டாது. மற்றக் காய்கறி போலக் கொதிநீரில் முக்கி எடுக்கத் தேவையில்லை. ஓர் ஆண்டு வரை காரம் அப்படியே இருக்கும். உறைந்தது உறைந்தபடியே நறுக்கித் தாளிப்பில் போடுங்கள். இளகவிட்டால் துவண்டுபோகும், சட்னிக்கும் அரைப்புக்கும்தான் ஆகும். ஃப்ரீசர் வாசனை பிடிக்காது என்று ஒதுக்குபவர்கள், கார்த்திகையில் அழுகவிடும் மிளகாயை ஒருமுறை எடை போட்டுப் பார்க்கலாம்.

பொடியும் சேமிப்பும்

வத்தலை ஒரேயடியாக ஆண்டுக்கும் சேர்த்து அரைத்து வைக்கும் பழக்கம் எனக்கு உடன்பாடில்லை. முழு வத்தலுக்குத் தோல் பாதுகாப்பு. பொடியாகிவிட்டால் காற்றும் வெளிச்சமும் எல்லாப் பக்கத்திலிருந்தும் புகுந்து, சிவப்பு வெளுத்து மணமும் போகும். மூன்று மாதத்துக்கு வேண்டியதை மட்டும் அரைத்துக்கொள்ளுங்கள். அரைக்கும் நாளில் நண்பகல் வரை வெயிலில் போட்டு, காம்பு கிள்ளி, சூடு ஆறுமுன் மில்லுக்குக் கொண்டுபோங்கள். உங்களுக்கு முன்னால் என்ன அரைத்தார்கள் என்று கேட்டுவிடுங்கள். சீயக்காய்க்குப் பின் மிளகாய் அரைத்து வந்தால் குழம்பு தலைக்குத் தேய்க்கத்தான் ஆகும். மில்லிலிருந்து வரும் பொடி கொதிக்கும். உடனே டப்பாவில் அடைத்தால் உள்ளே வியர்த்துக் கட்டி விழும். செய்தித்தாளில் கொட்டாமல் சுத்தமான துணியில் பரப்பி ஆறவிட்டு அடையுங்கள்.

முழு வத்தலும் அப்படியே. வெயிலிலிருந்து எடுத்த சூட்டோடு மூடாதீர்கள். நிழலில் ஆறட்டும், ஆனால் இரவு முழுக்கத் திறந்து கிடக்கவும் வேண்டாம். வத்தலுக்குப் பெரிய எதிரி சிகரெட் வண்டு என்ற பழுப்புப் பொடிவண்டு. வெறும் கண்ணுக்கு எளிதில் தெரியாத அதன் முட்டை களத்திலிருந்தோ கடையிலிருந்தோ கூடவே வந்துவிடும். காற்றுப் புகாத பையில் கட்டி ஒரு வாரம் ஃப்ரீசரில் வைத்தால் முட்டையும் புழுவும் சாகும். வெளியே எடுத்ததும் பையைத் திறக்காதீர்கள். அறை வெப்பத்துக்கு வரும்வரை விட்டால் வியர்வை பைக்கு வெளியே நிற்கும். அவசரப்பட்டுத் திறந்தால் வத்தல்மேல் படிந்து நமுத்துப்போகும். அதன்பின் எவர்சில்வர் தூக்கிலோ நிறக் கண்ணாடி ஜாடியிலோ, அடுப்பிலிருந்து தள்ளி, இருட்டில் வையுங்கள்.

அடைமழை தொடங்குமுன், ஆவணியிலோ புரட்டாசியிலோ ஒரு நல்ல வெயில் நாளில் எல்லா வத்தலையும் மறுபடி வெளியே எடுத்து ஒரு பகல் காயப் போடுங்கள். டப்பாவையும் துடைத்துக் கவிழ்த்து வையுங்கள். திரும்ப அடைக்குமுன் டப்பாவின் அடியிலிருந்து நான்கைந்தை எடுத்து இரண்டாகக் கிழித்து உள்ளே பாருங்கள். உட்புறம் மஞ்சள் கலந்த சிவப்பாய் இருந்தால் சரி. சாம்பல் பூத்தது போல் இருந்தால் அந்த டப்பாவில் உள்ளதை ஒவ்வொன்றாய்ப் பார்க்க வேண்டும், சாம்பல் கண்டதைக் குப்பையில் போட வேண்டும்.